கப்பல் எஞ்சினும் ஒரு மூட்டை உப்பும்

எனக்கு எஞ்சின் தெரியாது.

இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்ல எனக்கு எத்தனையோ நல்ல சந்தர்ப்பங்கள் கிடைத்தன. பெண் பார்க்கப் போன அன்று கிடைத்தது. கல்யாணப் பந்தலில் கிடைத்தது. மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்ட ஏழு நாளும் வேளைக்கு ஒன்றாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பனியன் முதலாளிகள் பதினைந்து இருபது பேர் வெள்ளை வேட்டியோடு கூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் சொன்னேன். அதுவும் அந்த வேட்டிகள் வெள்ளையாக இல்லாமல் போன பிறகு.

நான் பொய் சொல்லவில்லை. இதை என் மனைவி சரஸ்வதியும் ஒப்புக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கடிதம்.

அறுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் பொங்கலூரில் அப்பாவின் சோளக்காட்டில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, கொச்சியில் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றில் தற்காலிக ஸ்டோர் குமாஸ்தா வேலை கிடைத்தது. அது சண்டை போடும் கப்பல் அல்ல. சண்டை போடும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், கயிறு, உதிரி பாகங்கள் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்பல். (மிதக்கும் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதன் அடித்தட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரி மரத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஓர் உதிரி பாகம். அதில் கட்டித் தொங்கும் அட்டையில் ஓர் எண். எஞ்சின்காரர்கள் சீட்டு கொண்டுவருவார்கள். சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து, தட்டிலிருந்து சாமானை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கையெழுத்துப் போட வேண்டும். என் உத்தியோகம் அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்த சாமான் எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்பதெல்லாம், தபால்காரருக்கு உறைக்குள் இருக்கும் விஷயம் மாதிரி, எனக்குச் சம்பந்தமில்லாதது.

போய்ச் சேர்ந்த முதல் மாதம் அப்பாவுக்கு எழுதினேன். ‘இங்கு அனைவரும் நலம். கப்பல் எஞ்சின்களின் மூவாயிரம் பாகங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. என் கையெழுத்து இல்லாமல் ஒரு எஞ்சினும் ஓடாது.’

ஒரு எழுத்துப் பொய்யில்லை. அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். டீக்கடையில் படித்தார். பல்லடம் சந்தையில் படித்தார். மாட்டுத் தரகரிடம் படித்தார். மூன்றாவது சந்தை முடிவதற்குள் நான் கப்பல் இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

இரண்டரை வருடத்தில் கப்பலுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, அதையும் என்னையும் ஒரே மாதத்தில் வேலையிலிருந்து எடுத்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடும் நீல நிறக் கம்பளிச் சட்டையோடும் ஊர் வந்து சேர்ந்தேன். (பங்குனி வெயிலிலும் அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொங்கலூர் வீதியில் நடந்தேன். கேட்டவர்களிடம் ‘பழகிப்போச்சுங்க’ என்றேன்.) வந்த இரண்டாவது மாதம் திருப்பூரிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்தது.

பெண்ணின் அப்பா சென்னியப்பன். எட்டு பின்னல் மெஷினோடு சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்தியவர். சத்தமாகப் பேச மாட்டார்; யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார்; மெஷினுக்குக்கூட ‘வாங்க போங்க’ போடுவார் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்குப் பெண்ணையும் கொடுத்து, கம்பெனியில் பார்சல் அனுப்பும் பக்கம் ஒரு மேஜையும் கொடுத்தார். கம்பெனிக்கு யார் வந்தாலும் என் மேஜைக்கு அழைத்து வருவார்.

“நம்ம மாப்பிள்ளைங்க. கப்பல்ல இன்ஜினீரா இருந்தவருங்க.”

நான் சிரிப்பேன். ஆமாம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத, பணிவான ஒரு சிரிப்பு. இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் அந்தப் பையனின் பிடரியில் ஒன்று போடத் தோன்றுகிறது.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. அணைகளில் தண்ணீர் இல்லை என்று கரண்டை வெட்டினார்கள். காலையில் நாலு மணி நேரம் வரும். பிறகு மெஷின்கள் எல்லாம் வாய் பொத்திக்கொண்டு நிற்கும். ஆட்கள் வாசலில் உட்கார்ந்து தாயம் ஆடுவார்கள். சில கம்பெனிகளில் டீசல் எஞ்சின் வாங்கி மெஷின் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் மாமனார் ‘கொச்சி வரைக்கும் ஒரு சோலியாப் போயிட்டு வர்றனுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து அவர் ஒரு லாரியோடு திரும்பினார்.

லாரியில் சாம்பல் நிறத்தில், யானை படுத்திருப்பது மாதிரி ஓர் எஞ்சின். கப்பலை ஓட்டும் எஞ்சின் அல்ல. அதற்கு எங்கள் வீதி போதாது. கப்பலுக்குள் விளக்குகளையும் விசிறிகளையும் ஓட வைக்கும் துணை எஞ்சின். அதன் பக்கத்தில் பதினோரு மரப்பெட்டிகள். பெட்டிகள் மேல் எண்ணெய்த் துணியில் சுற்றிய தடித்த ரெஜிஸ்டர் ஒன்று.

மாமனாருக்கு லாரியிலிருந்து இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. “மாப்ள, பாத்தீங்களா? உங்க கப்பலேதானுங்க. உடைக்கறதுக்கு வித்துப்போட்டாங்களாமா. பழைய இரும்பு யாவாரி, வேற எஞ்சின் இருக்குது, அது நல்லாருக்கும்னாருங்க. நான் ஒப்புக்கலீங்க. எங்க மாப்பிள்ளை கையில ஓடுனது இருக்கறப்ப வேறெதுக்குன்னு கேட்டுப்போட்டனுங்க.”

நான் ஒரு பெட்டியைத் திறந்தேன். உள்ளே காகிதம் சுற்றிய உதிரி பாகங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. அட்டையில் என் கையெழுத்து. எனக்கு முதலில் வந்தது பாசம். அடுத்த நிமிடமே பெட்டியை மூடிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் எஞ்சினைத் தொடாமல் எஞ்சின் வேலை பார்த்தேன். அது ஒரு கலை. பதினோரு பெட்டியையும் பிரித்து, சாமான்களைத் துடைத்து, கம்பெனியின் பின்கட்டில் பலகை அடித்து வரிசையாக அடுக்கினேன். பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். அடுத்த கம்பெனி முதலாளி நாச்சிமுத்து ஒருநாள் வந்து ஏதோ ஒன்றைக் கையில் எடுத்தார்.

“இதென்னங்க தம்பி?”

“நாநூத்திப் பதினேழு. மூணாவது அடுக்கு, இடது பக்கம்.”

“இதுங்க?”

“ஐநூத்தி ரெண்டு. அதுக்கு ஜோடி ஐநூத்தி மூணு, பின்னால இருக்குது பாருங்க.”

அவர் கண்ணை மூடச் சொல்லி என் கையில் ஒன்றை வைத்தார். தடவிப் பார்த்து எண்ணைச் சொன்னேன். நாச்சிமுத்து மாமனாரைப் பார்த்தார். மாமனார் தோள் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பெருமை தாங்காவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

“இது எங்கீங்க மாட்டறது?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“அது... அந்தந்த நேரம் வர்றப்ப தானாத் தெரியுமுங்க.”

வீட்டில் சரஸ்வதி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். ஆங்கிலத்தில் என்னைவிட மதிப்பெண் அதிகம். (எவ்வளவு அதிகம் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அதுதான் நல்ல குடும்பத்துப் பெண்.) அவள் கண் அந்த ரெஜிஸ்டரின் மேலேயே இருந்தது. கப்பலில் இருந்த காலம் முழுக்க அந்த எஞ்சினுக்கு என்ன கோளாறு வந்தது, யார் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று தேதிவாரியாக எழுதிய சர்வீஸ் ரெஜிஸ்டர் அது. நான் அதை இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரியிலும் எனக்குத் தெரிந்த எண் இல்லை. எல்லாம் வாக்கியமாக இருந்தது. எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

“ஏனுங்க, அதைப் படிச்சா எஞ்சினைப் பத்தித் தெரியுமில்லீங்க?”

“அதெல்லாம் ராணுவ ரகசியம். வெளியாளு படிக்கக் கூடாது.”

“எஞ்சினை வித்துட்டாங்க. ரகசியத்தை விக்கலீங்களா?”

நான் கம்பளிச் சட்டையைத் தேட உள்ளே போய்விட்டேன்.

எஞ்சினுக்கு மேடை கட்டியாகிவிட்டது. குளிர வைக்கத் தண்ணீர்த் தொட்டியும் கட்டியாகிவிட்டது. மாமனார் தொட்டியைப் பார்த்து யோசித்தபடி நின்றார்.

“மாப்ள, ஒரு ரோசனைங்க. கப்பல்ல இதுக்குக் கடல் தண்ணிதானுங்களே உட்டாங்க?”

“ஆமாங்க மாமா.” (இது எனக்கு உண்மையாகவே தெரியும். குழாய்களின் அட்டையில் ‘கடல்நீர்’ என்று நானே எழுதியிருக்கிறேன்.)

“இங்க கெணத்துத் தண்ணிதானுங்க. எஞ்சின் ஒப்புக்குமுங்களா?”

தெரியாது என்று சொல்ல இது எவ்வளவு அருமையான இடம் என்று பாருங்கள். நான் தாடையைத் தடவினேன். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.

“கொஞ்சம் உப்புப் போட்டுக்கணுமுங்க.”

“எவ்வளவுங்க?”

“ஒரு மூட்டை போதும்.”

கல்லுப்பு ஒரு மூட்டை வந்தது. இரண்டு ஆள் தூக்கிக் கொட்டினார்கள். நான் ஒரு மூங்கில் கழியால் கிண்டினேன். மாமனார் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைக்குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டபோதும் நான் தயங்கவில்லை. கப்பலில் புகை பின்னால்தானே போகிறது, பின்பக்கம் வைக்கச் சொன்னேன். கம்பெனியின் பின்பக்கம் நாச்சிமுத்துவின் காயப்போடும் திடல். பிளீச்சிங் முடிந்து சலவையான பனியன் துணிகளைக் கயிறுகளில் விரித்துக் காயப்போடும் இடம். கொக்குக் கூட்டம் இறங்கின மாதிரி எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தல், வாழைமரம், சந்தனம். எஞ்சினுக்கு மாலை. எனக்கும் மாலை. பொங்கலூரிலிருந்து அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் அந்தக் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் சரஸ்வதி. தூணுக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து, அவரோடு அவர் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் சூசை. தூத்துக்குடிக்காரர்; என் வயதுதான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, எஞ்சினைத் தெரிந்த மனிதரைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்திப் பிடித்த காற்றைத் திறந்துவிட்டால் எஞ்சின் கிளம்பும் என்று பழைய இரும்பு வியாபாரி மாமனாரிடம் சொல்லியிருந்தார். காற்றுச் சிலிண்டரையும் அவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். எந்தத் திருகு என்பது மட்டும்தான் பாக்கி. எஞ்சினில் ஏழு திருகுகள் இருந்தன. எனக்கு ஏழின் எண்ணும் தெரியும்.

சூடம் காட்டினார்கள். முருகனை வேண்டிக்கொண்டு முதல் திருகைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவதைத் திறந்தேன். எஞ்சினின் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, பூசாரியின் தட்டில் இருந்த சூடத்தை அணைத்தது. “இது சுத்தம் பண்றதுங்க,” என்றேன். மூன்றாவது விசில் அடித்தது. கூட்டம் கை தட்டியது. நாலாவதைத் திறந்ததும் அந்தப் பெரிய சக்கரம் ஒரு முறை புரண்டது, இன்னொரு முறை புரண்டது, பிறகு தரை அதிர எஞ்சின் கிளம்பிவிட்டது.

அந்த அரை நிமிடம் நான் கப்பல் இன்ஜினியராகவே இருந்தேன். அப்பா எழுந்து நின்றார். மாமனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

பிறகு புகைக்குழாய் இருமியது. எத்தனை வருட எண்ணெயும் கரியும் அதற்குள் அடைந்து கிடந்ததோ, அத்தனையும் கொழகொழவென்று தார் மாதிரி வெளியே வந்தது. முதல் இருமலில் திடலின் முதல் இரண்டு வரிசைத் துணி போயிற்று. அடுத்ததில் மிச்சமும் போயிற்று. ‘அங்க பாருங்க’ என்று பின்வாசலுக்கு ஓடிய முதலாளிகளின் வேட்டி சட்டையும் போயிற்று. காற்று திரும்பியபோது பந்தலும் போயிற்று.

“மாப்ள, நிறுத்துங்க,” என்றார் மாமனார். அப்போதும் சத்தமாகச் சொல்லவில்லை.

கிளப்புவதைப் பற்றி மூன்று வாரம் கவலைப்பட்டவன், நிறுத்துவதைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. ஏழு திருகையும் திறந்தேன், ஏழையும் மூடினேன். எஞ்சின் இன்னும் உற்சாகமாக ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி அதற்குப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சூசை கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு நடந்து வந்தார். என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டு, பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோலைக் கீழே இழுத்தார். டீசல் நின்றது. எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

நாச்சிமுத்து பின்வாசலிலிருந்து திரும்பி வந்தார். நெற்றியிலிருந்து கால்வரை கருப்பு. கண் மட்டும் தெரிந்தது. என் முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, கப்பல்லயும் இப்படித்தானுங்களா?”

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சூசை எஞ்சினைச் சுற்றி வந்தார். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

“அண்ணாச்சி, இதுல யாரு உப்பக் கொட்டுனது?”

“கடல் தண்ணி மாதிரி இருக்கட்டும்னு...” என்றேன்.

“கடல்ல வேற தண்ணி கெடையாதுல்லா, அதனாலதான கடல் தண்ணிய விடுதான். எங்க ஊர்ல உப்ப வாரி வெளிய கொட்டுதோம். நீங்க வாங்கியாந்து எஞ்சினுக்குள்ள கொட்டுதீய.” அவர் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். “இதுக்கு சர்வீஸ் புஸ்தகம் ஒண்ணு இருக்குமே, அது இருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சரஸ்வதி கம்பெனியை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய் ரெஜிஸ்டரோடு வந்துவிட்டாள். எண்ணெய்த் துணியைப் பிரித்தாள். “படிக்கட்டுங்களா?” என்று அவள் அப்பாவைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

அவள் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, சூசை ‘ம்’ கொட்டினார். புகைக்குழாயை மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும். கடைசி வருடம் பண்ணவே இல்லை. இரண்டாவது சிலிண்டரில் வளையம் உடைந்திருக்கிறது, மாற்றவில்லை. எல்லாமே அதில் இருந்தது. மூன்று வாரமாக என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“காத்தால பத்தே முக்கா மணி. ஸ்டோர் குமாஸ்தா ரங்கசாமி...”

அது என் பெயர். அவள் குரல் அங்கேயே நின்றுவிட்டது. கண் மட்டும் அடுத்த வரிகளில் ஓடியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கிற பார்வை. ரெஜிஸ்டரைப் பாதி மூடினாள்.

“என்ன கண்ணு, மாப்பிள்ளை பேராட்டம் இருந்துச்சு. படிங்க,” என்றார் மாமனார்.

“இல்லீங்கப்பா. எண்ணெய் பட்டு எழுத்து அழிஞ்சிருக்குது.”

சரஸ்வதி பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னால், அவள் அப்பாவிடம், எனக்காகச் சொன்னாள். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நான் போய் அவள் கையிலிருந்து ரெஜிஸ்டரை வாங்கினேன்.

“எழுத்து நல்லாத்தானுங்க மாமா இருக்குது. நான் படிக்கறனுங்க.”

படித்தேன். வார்த்தை வார்த்தையாக, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி.

‘முற்பகல் பத்தே முக்கால். ஸ்டோர் குமாஸ்தா ரங்கசாமி, சாப்பாட்டுக் கூடம் என்று நினைத்து எஞ்சின் அறைக்குள் வந்துவிட்டார். எஞ்சினைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கையைப் பிடித்து மேல்தளத்தில் கொண்டுபோய் விடப்பட்டது. எஞ்சினுக்குச் சேதம் இல்லை.’

“எனக்கு எஞ்சின் தெரியாதுங்க மாமா,” என்றேன். “சாமான் எடுத்துக் குடுக்கற வேலைதானுங்க பாத்தேன்.”

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்த கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. பின்வாசல் வழியாகத் திடலுக்குப் போய்விட்டார்.

நானும் பின்னால் போனேன். அவர் கயிற்றிலிருந்து கறுத்த துணிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று உருவினேன். இரண்டு வரிசை முடிந்தது.

“மாப்ள, ஒண்ணு கேக்கறனுங்க. இன்ஜினீருன்னு உங்க வாயால எப்பவாச்சும் சொன்னீங்களா?”

“இல்லீங்க மாமா. இல்லைன்னும் சொல்லலீங்க.”

அவர் ஒரு துணியை உதறி மடித்தார். அது இனி விற்பனைக்கு ஆகாது. ஆனாலும் விளிம்பு பார்த்து மடித்தார்.

“நானும் கேக்கலீங்க. ஒருக்காக் கேட்டிருக்கலாம். கேட்டா இல்லைன்னுருவீங்களோன்னு இருந்துச்சுங்க. அப்படிச் சொல்லிட்டுத் திரியறதுக்கு எனக்கும் நெம்ப ஆசையா இருந்துச்சு.” அடுத்த துணியை உருவிக்கொண்டே, “எனக்கு மனசு சங்கடந்தானுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அக்கட்டால அந்த நுனியப் புடிங்க,” என்றார்.

நுனியைப் பிடித்தேன். இருவருமாக விளிம்பு பார்த்து மடித்தோம்.

அவர் என்னோடு சகஜமாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. ‘மாப்பிள்ளை கப்பல்ல இருந்தவருங்க’ என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் இருக்கும் பக்கம் யாரையும் அழைத்து வரவும் இல்லை. அந்த மாதம்தான் எஞ்சின் வேலை உண்மையில் நடந்தது. நாச்சிமுத்து தினம் மத்தியானத்துக்கு மேல் சூசையை அனுப்பிவைத்தார். (‘இனியொருக்கா அது கெளம்பறப்ப நம்மாளு பக்கத்துல இருக்கறது நல்லதுங்க’ என்றாராம்.) முதல் வேலையாகத் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவினோம். புகைக்குழாயைக் கழற்றிச் சுரண்டி, நொய்யல் ஆற்றுப் பக்கமாகத் திருப்பினோம்.

பிறகு வேலை செய்ய ஒரு வழி பிடிபட்டது. சரஸ்வதி முக்காலியில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் படிப்பாள். சூசை எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ‘ரெண்டாவது சிலிண்டர் வளையம்’ என்பார். நான் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி முந்நூற்று எட்டை எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள்கூட எண் தப்பவில்லை. ஒருநாள் சூசை உள்ளேயிருந்து சொன்னார்: “அண்ணாச்சி, சாமான் இருந்தும் எங்க இருக்குன்னு தெரியாம எஞ்சினக் கெடப்புல போட்டிருக்கதை நான் எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். உங்கள மாதிரி ஆளு கெடைக்காது.” கையில் கரியோடு இருந்த நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் கருப்பாகிவிட்டது. சரஸ்வதி பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

எஞ்சின் ஓடியது. கரண்ட் நிலைமை சரியாகும் வரை நாலைந்து வருடம் நன்றாகவே ஓடியது. இரண்டாவது முறை கிளப்பியபோது பந்தல் இல்லை, மாலை இல்லை. மாமனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “மாப்பிள்ளை சாமான் பாத்துக்கறாருங்க. இவரில்லாட்டி ஒண்ணும் நடக்காது,” என்றார். அப்பாவுக்கு நான் எழுதிய கடிதத்தை முதல்முறையாகச் சரியாகப் படித்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

நாச்சிமுத்துவின் துணிகளை மாமனார் வாங்கிக்கொண்டார். எத்தனை முறை வெளுத்தாலும் ஒரு சாம்பல் நிறம் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் மாமனார், நான், என் அப்பா, கூடவே சூசை எல்லோரும் பல வருடம் சாம்பல் பனியன்தான் போட்டோம். வெள்ளைப் பனியனுக்குப் பேர்போன ஊரில் எங்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

பிற்பாடு நான் பின்னல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்தேன். இன்று என் மகன் நடத்துகிறான். எது எங்கே மாட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் எங்கள் கடையில் தயக்கமில்லாமல் ‘தெரியாதுங்க, பிட்டரைக் கேளுங்க’ என்போம்.

எஞ்சினை விற்றபோது ரெஜிஸ்டரை மட்டும் சரஸ்வதி கொடுக்கவில்லை. அதைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். கப்பல்காரர்களின் கடைசிக் குறிப்புக்குக் கீழே, அவள் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், அந்த வெள்ளிக்கிழமையையும் எழுதி வைத்திருந்தாள். ‘காலை. எஞ்சின் ஒன்றரை நிமிடம் ஓடியது. துணிகள் போயின. ஸ்டோர் குமாஸ்தா எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னார். குமாஸ்தாவுக்குச் சேதம் இல்லை.’

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு விடுதலை இல்லை. நான் அடுப்படிக்குள் போய் ஒரு டம்ளர் காப்பி கலந்தால்கூட, கூடத்திலிருந்து மகள் வயிற்றுப் பேத்தி தன் பாட்டிக்குக் குரல் கொடுப்பாள்.

“அம்மாயி, அப்புச்சி அடுப்படிக்குள்ள போயிட்டாருங்க.”

உள்ளறையிலிருந்து சரஸ்வதி நிதானமாகப் பதில் சொல்வாள். “கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் வெளிய உடு கண்ணு. அடுப்புக்குச் சேதம் இல்லையான்னு பாத்து எழுதிக்க.”